இரண்டே பிரதிகள் வெளிவந்த ஒரு தொகுப்பு

தொகுப்பு நூல்கள் வெளிவரும்போதெல்லாம் எம்மிடையே நடக்கும் சண்டைகள் பிரசித்தமானவை. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், முன்னுரையில் யாருடைய பெயர் முதலில் வந்தது, தொகுப்பாளரின் ஊர் எது, அவர் முன்னர் எந்த இயக்கத்துக்கு வேண்டியவர் என்று இரவிரவாகத் தொலைபேசியிற் பேசுவோம். கவிதைகளைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் அடுத்த தொகுப்பு வந்துவிடும்.

இத்தனை தொகுப்புகளையும் பிடித்து உலுப்பிய எம்மவரின் கண்ணிற் படாமலே தப்பிய தொகுப்பொன்று உண்டு. 1977 இல் வெளியானது. இரண்டே பிரதிகள். தங்கமுலாம் பூசிய பன்னிரண்டு அங்குலச் செப்பு இசைத்தட்டு. கேட்பதற்கான ஊசியும் கூடவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரதி வொயேஜர் 2 விண்கலத்தில் ஓகஸ்ட் 20ஆம் திகதியும், மற்றது வொயேஜர் 1 இல் செப்ரெம்பர் 5ஆம் திகதியும் புறப்பட்டன. பிந்திப் புறப்பட்ட வொயேஜர் 1, 2012 இலும், மற்றது 2018 இலும் சூரியக்காற்றின் எல்லையைத் தாண்டின. வாசகர் எவரும் இதுவரை கிடைக்கவில்லை. அந்த வகையில் எமது சிறுபத்திரிகைகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

தொகுத்த குழுவுக்குக் கார்ல் சேகன் தலைமை தாங்கினார். பிராங்க் டிரேக், ஆன் ட்ரூயன், திமொதி பெரிஸ், ஜோன் லொம்பேர்க், லிண்டா சால்ஸ்மன் சேகன் ஆகியோர் கூட நின்றார்கள். தாம் எதை, ஏன் தெரிந்தெடுத்தோம் என்று 1978 இல் எல்லோருமாக ஒரு நூலும் எழுதினார்கள். 'பூமியின் முணுமுணுப்புகள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். தொகுப்பாளர்கள் இவ்வளவு விளக்கமாகத் தம் கணக்கை ஒப்புவித்த நூல்கள் குறைவு.

விண்வெளி யுகத்தோடு கூடவே வளர்ந்த தலைமுறை எம்முடையது. இந்த யுகத்தைப் பற்றி எம் வயதுக்காரர் எழுதும் நினைவுக் கட்டுரைகள், எந்த மொழியில் எழுதப்பட்டாலும், அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. ஸ்புட்னிக் பற்றிய வியப்பு, சந்திரனில் மனிதன் இறங்கிய நாளின் பரவசம், பிறகு ஒரு நீண்ட ஏமாற்றம், கடைசியிற் பேரப்பிள்ளைகள் செவ்வாய்க்குப் போவார்கள் என்ற நம்பிக்கை. 'நாம் சந்திரனுக்குப் போனோம்' என்ற வாக்கியம் எல்லாவற்றிலும் தவறாமல் வரும். சந்திரனில் விட்டுவந்த தகட்டிலும் மனிதகுலம் முழுவதன் பெயராலேதான் பொறித்திருக்கிறார்கள். அந்த 'நாம்' எமக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. போட்டுப் பார்த்தோம், தோளில் நிற்கவில்லை.

உண்மையில் நாம் கண்ணாற் பார்த்தது மிகக் குறைவு. 1957 ஒக்ரோபரில் ஸ்புட்னிக் என்று உலகெங்கும் மக்கள் முற்றத்தில் நின்று பார்த்த நகரும் வெளிச்சம், பெரும்பாலும் 58 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அந்த உருண்டையல்ல. அதை ஏற்றிச்சென்ற ரொக்கற்றின் உடற்பகுதி. 1961 டிசெம்பரில் யூரி ககாரின் இலங்கைக்கு வந்தார். எமக்குக் கிடைத்தது பத்திரிகைப் படம். 1969 ஜூலை 21ஆம் திகதி நீல் ஆம்ஸ்ரோங் காலடி வைத்தபோது இலங்கையில் காலை 8 மணி 26 நிமிடம். சந்திரன் முந்தின இரவே மறைந்துவிட்டிருந்தது. தொலைக்காட்சி நாட்டுக்கு வந்ததே 1979 இல்தான். வானொலிப்பெட்டியின் கரகரப்புக்குள் காதை வைத்துக்கொண்டு, வானத்தில் இல்லாத சந்திரனில் மனிதன் நடப்பதைக் கேட்டோம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையின் வார விடுமுறை ஞாயிறு அல்ல, போயா. சந்திரனின் கலையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். மனிதர் சந்திரனில் நடந்த வருடத்தில் எமது நாட்காட்டியை ஆண்டதும் அதே சந்திரன்தான். அந்த நாட்காட்டியும் எம்மைக் கேட்டுச் செய்யப்பட்டதல்ல.

ஆக, விண்வெளியைக் காதாற் கண்டவர்கள் நாம். கேட்பதற்கென்றே அனுப்பப்பட்ட ஒரு தட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு வேறு தகுதி வேண்டியதில்லை.

தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. தமிழ் இல்லை. தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, ஒரியா, பஞ்சாபி, ராஜஸ்தானி, வங்காளம், உருது, இந்தி, நேபாளி உண்டு. சிங்களம் உண்டு. இன்று எவரும் வீட்டிற் பேசாத சுமேரியமும் அக்காடியமும் ஹிட்டைற்றும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபைப் பிரதிநிதிகளின் வாழ்த்துகளோடு திமிங்கிலங்களின் பாட்டையும் கலந்திருக்கிறார்கள். திமிங்கிலத்துக்குக் கிடைத்த இடம் செம்மொழிக்குக் கிடைக்கவில்லையே என்று மேடையில் முழங்கக்கூடிய நண்பர்களை நாம் அறிவோம். நல்லவேளை, செய்தி இன்னும் அவர்களை எட்டவில்லை.

திகதியும் அவர்களுக்கு உதவும். 1977 ஓகஸ்ட் நடுப்பகுதியில் இலங்கையில் தமிழர் மீதான வன்செயல்கள் தொடங்கின. வொயேஜர் 2 புளோரிடாவிலிருந்து கிளம்பிய ஓகஸ்ட் 20 இல், எம்மிற் சிலர் அகதிகளாகக் கொழும்பில் ஒரு பாடசாலையின் சீமெந்துத் தரையிற் படுத்திருந்தோம். அதே நாளில் சிங்களத்தில் ஒரு வாழ்த்து நட்சத்திரங்களை நோக்கிப் புறப்பட்டது. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. தொடர்பில்லாத இரண்டை அருகருகே வைத்துக் கண்ணீர் வரவழைப்பது எமது எழுத்தின் பழைய வியாதி.

நடந்தது இவ்வளவே. மொழி வாழ்த்துகளிற் பெரும்பாலானவை நியூயோர்க் மாநிலத்து இத்தாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பதிவாகின. நேரம் குறைவு. அதிகம் பேசப்படும் மொழிகளைப் பிடிப்பதென்று தொடங்கி, மொழித்துறைகளிலும் அயலிலும் யார் அகப்பட்டார்களோ அவர்களை ஒலிவாங்கியின் முன் இருத்தினார்கள். கோர்னெல் சிங்களம் கற்பிக்கப்பட்ட இடம். ஜேம்ஸ் கெயர் என்ற மொழியியலாளர் அங்கே இருந்தார். (அதே கெயர் எமது சுசீந்திரராசாவுடன் சேர்ந்து யாழ்ப்பாணத் தமிழ் பற்றியும் எழுதியவர்.) இந்தப் பின்னணியில் அங்கே சிங்களக் குரலொன்று அகப்பட்டதில் வியப்பில்லை. பூமியின் குரல் என்று நாம் கேட்பது உண்மையில் ஒரு சிறிய நகரத்தின் குரல். எங்கெங்கோ இருந்து வந்து அங்கே படித்தவர்கள், படிப்பித்தவர்கள், வேலை செய்தவர்கள் பேசியிருக்கிறார்கள். நூலை எழுதியவர்கள் இதை உலகத் தொகுப்பு என்கிறார்கள். எமக்கு இது புலம்பெயர்ந்தோர் தொகுப்பாகவே படுகிறது. அப்படி வாசித்தாற்தான் இதன் சுவை பிடிபடும்.

பேசியவர்களுக்கு இன்னதுதான் சொல்லவேண்டுமென்று எவரும் எழுதிக்கொடுக்கவில்லை. வேற்றுக்கோளத்தார் கேட்கக்கூடும், சுருக்கமாக இருக்கட்டும் என்றது மட்டுமே. ஆகவே அந்தச் சில விநாடிகளில், தாம் யார், யாருக்காகப் பேசுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எமது கவிஞர்கள் பலர் முழுத்தொகுதி எழுதியும் தீர்மானிக்காத விஷயம் இது.

எல்லோருக்கும் முன்னே ஐ.நா. செயலாளர் நாயகம் கேர்ட் வால்ட்ஹைம் வருகிறார். 147 அங்கத்துவ நாடுகளின் பெயரைச் சொல்லி, இக்கோளத்து மக்கள் சார்பில் வாழ்த்துகிறார். சமாதானமும் நட்பும் தேடி வெளியே வருவதாகச் சொல்கிறார். நல்ல கனத்த குரல். 1986 இல் அவர் ஒஸ்ரியாவின் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் படையில் போல்கன் பகுதியிற் பணியாற்றிய காலத்தைத் தமது வாழ்க்கை வரலாற்றில் மறைத்திருந்தது அம்பலமாகியது. மனிதகுலத்தின் சார்பிற் பேசியவர் தம் சார்பிலேயே முழுவதும் பேசாதவர். அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் செய்தி எழுத்தில் இருக்கிறது. கூடவே அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சிலரின் பெயர்ப்பட்டியலும் போயிருக்கிறது. எமது விழா மலர்களில் அமைச்சரின் ஆசிச்செய்தி போடுவதைக் கேலி செய்பவர்கள் இதையும் கவனத்தில் எடுக்கவும்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசியவர்கள் தத்தம் மொழி பேசுவோர் சார்பில் வாழ்த்துகிறார்கள். ஒழுங்கான வாக்கியங்கள், மாலை போடுமுன் மேடையிற் சொல்வது போன்றவை. தமிழர் ஒருவர் அகப்பட்டிருந்தால் இவர்களையும் விஞ்சியிருப்பார். மொழியின் தொன்மையிலிருந்து தொடங்கியிருப்பார். வாழ்த்துக்கு வருமுன் தட்டு முடிந்திருக்கும்.

சுவீடிஷ் மொழியிற் பேசியவரோ, இத்தாக்கா என்ற சிறிய பல்கலைக்கழக நகரத்திலிருந்து கணினி நிரல் எழுதும் ஒருவர் வாழ்த்துவதாகச் சொல்கிறார். சுவீடனின் பெயரே வரவில்லை. இருக்கும் ஊர், செய்யும் வேலை, அவ்வளவுதான். வந்திறங்கிய நாட்டில் நாம் நிரப்பிய விண்ணப்பங்களின் முதற்பக்கம் போன்ற வாக்கியம். இத்தொகுப்பில் மிக நேர்மையான குரல் இதுவே என்போம். துருக்கியிற் பேசியவர் 'துருக்கி பேசும் நண்பர்களே' என்று விளித்துக் காலை வணக்கம் சொல்கிறார். எந்தக் கோளிலும் தன் மொழிக்காரர் நாலுபேர் இருப்பார்கள் என்ற நம்பிக்கை. சிரிக்கலாம். எமது சஞ்சிகைகள் ஒஸ்லோவிலும் பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் அச்சானது வேறெந்த நம்பிக்கையில்?

தென்கிழக்குச் சீனக் கரையோரத்து அமோய் மொழியிற் பேசியவர், விண்வெளி நண்பர்களிடம் சுகம் விசாரித்துவிட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். நேரம் கிடைத்தால் எங்கள் பக்கமும் வாருங்கள் என்கிறார். 55 வாழ்த்துகளிலும் கேட்பவருக்கு வயிறொன்று இருக்கக்கூடும் என்று யோசித்தவர் இவர்தான். சமாதானம் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ராஜஸ்தானியில் உள்ள வாழ்த்து எம்மை வேறுவிதமாக நிறுத்தியது. எல்லோருக்கும் வணக்கம், நாங்கள் இங்கே சந்தோஷம், நீங்கள் அங்கே சந்தோஷமாயிருங்கள் என்பதுதான் அதன் சாரம். இது வாழ்த்தே அல்ல, கடிதத்தின் தொடக்கம். நாம் இங்கு நலம், அதுபோல் உங்கள் நலமறிய அவா என்று எத்தனை வான்கடிதங்களில் எழுதியிருப்போம்! பங்கருக்குப் பக்கத்திலிருந்து எழுதிய தாய்மாரும் அப்படியே எழுதினார்கள். ஓரறையில் எட்டுப்பேர் முறைவைத்துப் படுத்த காலத்தில் நாமும் அப்படியே பதில் எழுதினோம். தமிழ் தட்டில் இல்லை. தமிழ்க் கடிதம் ராஜஸ்தானியிற் போயிருக்கிறது.

இக்கடித விஷயத்தை வைத்தே தொகுப்பின் பெரிய குறைக்கும் வரலாம். தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களும் குறிகளாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. தாஜ்மஹால் உண்டு, சுப்பர் மார்க்கற் உண்டு, இந்தியத் தெருவொன்றின் நெரிசல் உண்டு. நக்குவது, கடிப்பது, குடிப்பது எப்படியென்று மூன்றுபேர் செய்துகாட்டும் விநோதமான படமொன்றும் உண்டு. போர், நோய், குற்றம், வறுமை ஆகியவற்றைத் திட்டமிட்டே தவிர்த்தார்கள். மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்படக் கூடாது, எம்மிற் சிறந்ததையே அனுப்புவோம் என்பது அவர்களின் நியாயம். நூலில் ஒளிவில்லாமற் சொல்லியிருக்கிறார்கள். எமக்கு அது உடன்பாடில்லை. அம்மாவின் கடிதத்தில் நலம் என்றிருந்தால் நாம் செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படித்தோம். வேற்றுக்கோளத்தாரிடம் செய்தித்தாள் கிடையாது. மூட்டையோடு நடக்கும் ஒரு மனிதரைக்கூடக் காணாமல் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி அவர்கள் என்ன விளங்கிக்கொள்வார்கள்?

படங்களில் வாசலிலேயே மறித்த வறுமையை இசையில் அவர்களே உள்ளே விட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 27 இசைத்துண்டுகள், ஏறத்தாழ 90 நிமிடம். பாக் மூன்று, பேத்தோவன் இரண்டு என்று ஐரோப்பா தாராளமாக இடம்பிடித்திருக்கிறது. அவற்றுக்கு நடுவே ரெக்ஸாஸ் மாநிலத்துக் கறுப்பினப் பாடகர் பிளைன்ட் வில்லி ஜோன்சன் 1927 இற் பதிவுசெய்த பாட்டு. சொற்கள் இல்லை. முனகலும் கிற்றாரும். கண்பார்வையற்ற அவர் 1945 இல் வறுமையிலேயே இறந்தார். படுக்க இடமில்லாதவனுக்கு இருட்டுப்படும் நேரம் பற்றிய பாட்டு என்பதாலேயே சேகன் அதைச் சேர்த்தார். எந்த அகதிப் படத்தைவிடவும் அது கூடச் சொல்கிறது.

இந்தியாவுக்கென்று ஒன்றுதான்: கேசர்பாய் கேர்க்கரின் பைரவி. பரிந்துரைத்தவர் இசையியலாளர் ரொபேர்ட் பிறவுண். இவர் தென்னிந்திய மிருதங்கத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர். அப்படிப்பட்டவரே வடக்கத்திப் பாடகியைத் தெரிந்தாரே என்று எம் கர்நாடக இசை ரசிகர்கள் மனம் நோவார்கள், கேட்டபின் நோகமாட்டார்கள். அந்த இசைத்தட்டு எளிதில் அகப்படவில்லை. கடைசியில் நியூயோர்க்கில் இந்தியக் குடும்பமொன்றின் மின்சாதனக் கடையில், மேசையொன்றின் கீழே கிடந்த பெட்டிக்குள்ளிருந்து எடுத்தார்களென்று ஆன் ட்ரூயன் எழுதியிருக்கிறார். வாங்க வந்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு அவசரம் என்று கடைக்காரர் தமக்குள் ஆராய்ந்தார்களாம். எமது கடைகளில் அரிசிமூட்டைக்கும் கருவாட்டுக்கும் பின்னால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒலிநாடாக்களை நினைத்துக்கொண்டோம். கேசர்பாய் அந்தச் செப்ரெம்பர் 16ஆம் திகதி இறந்தார், வொயேஜர் 1 புறப்பட்டுப் பதினொரு நாளில்.

*

1990 பெப்ரவரி 14 இல் வொயேஜர் 1 திரும்பிப் பார்த்து, 600 கோடி கிலோமீற்றர் தூரத்திலிருந்து பூமியைப் படமெடுத்தது. ஒரு புள்ளி. சேகன் அதை வைத்து 1994 இல் ஒரு நூல் எழுதினார். புள்ளியில் எல்லைக்கோடுகள் தெரியவில்லை, ஆகவே மனிதரெல்லாம் ஒன்று என்று அதைக் காட்டிப் பேசுவது அதன்பின் வழக்கமாகிவிட்டது. அந்த வாதம் எமக்கு ஒட்டுவதில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது, அதுதான் அப்படத்தில் உள்ள உண்மை.

அதே வருடம் ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் வீட்டிற் பேசியது தமிழ். 1977 இல் தட்டிலே தமிழ் வாழ்த்தொன்று இருந்திருந்தால் அது 'தமிழ் பேசும் மக்கள் சார்பில்' என்றுதான் இருந்திருக்கும். எமது அரசியலின் விருப்பமான சொற்றொடர் அது. வால்ட்ஹைமின் வாக்கியத்துக்கு 1986 இல் நேர்ந்தது, அந்த வாக்கியத்துக்கு 1990 இல் நேர்ந்திருக்கும். வெளியேற்றப்பட்டவர்களும் சேர்ந்த ஒரு 'நாம்' அங்கே கேட்டுக்கொண்டிருக்க, இங்கே அது இல்லாமற் போயிருக்கும்.

அதற்காகத் தமிழ் இல்லாததே நல்லதென்று சொல்ல நாம் வரவில்லை. இருந்திருக்க வேண்டும். யார் பேசியிருக்கலாம் என்றால், மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரை எமக்கு நினைவு வருகிறது. 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1977 இலும் நாடற்றவராக இருந்தவர்களில் ஒருவர். வால்ட்ஹைமின் 147 நாடுகளில் எதற்கும் உரியவரல்லாதவர். எவர் சார்பிலும் பேசவேண்டிய தேவை அவருக்கு இருந்திராது. அமோய்க்காரரைப் போலச் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருந்தாற் போதும்.

2023 நவம்பரில் வொயேஜர் 1 பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணித்தியாலம், பதில் வர இன்னும் அவ்வளவு. பொறியியலாளர்கள் நிரலைத் துண்டுகளாகப் பிரித்து, நினைவகத்தில் வேறு வேறு மூலைகளில் வைத்து, 2024 ஏப்ரலில் அதைத் திரும்பவும் விளங்கப் பேசவைத்தார்கள். எம் ஆயுளிற் கேட்ட விண்வெளிச் செய்திகளில், சந்திரனில் இறங்கியதைவிட இதுதான் எமக்கு நெருக்கம். பாதை பூட்டியிருந்த காலத்தில் ஊர்க்கடிதத்துக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தட்டின் ஒலிகளை ஓஸ்மா றெக்கோட்ஸ் என்ற நிறுவனம் 2017 இற் பொதுமக்களுக்கான இசைத்தட்டுகளாக வெளியிட்டது. மொழி வாழ்த்துகள் சுமேரியத்தில் தொடங்கி, சேகனின் ஆறு வயது மகன் ஆங்கிலத்திற் சொல்லும் வாழ்த்தோடு முடிகின்றன. முதற்தடவை கேட்பவர்கள் வால்ட்ஹைமைத் தாண்டி நேரே அமோய்க்காரரிடம் போகலாம்.